நண்டருக்கு வந்த வருத்தம்

கொழும்பில் தமிழர் காலடி வைத்த நாளிலிருந்து இன்றுவரை, சாப்பாட்டு மேசையிலிருந்து ஆட்களை எழுப்பிவிடுவதில் நண்டரை வென்றவர் எவரும் பிறக்கவில்லை. சோற்றைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து, "தம்பி, லண்டனில புகைக்கூண்டு துடைச்ச பொடியளுக்கு எந்த இடத்தில கான்சர் வந்ததெண்டு தெரியுமோ?" என்று கேட்பார். தெரியாது என்றால் இடத்தைச் சொல்வார். தெரியும் என்றால் சந்தோஷப்பட்டு, இன்னும் விளக்கமாகச் சொல்வார். எதைச் சொன்னாலும் மீன்குழம்பு மிஞ்சும். மனோன்மணி அக்காவின் போர்டிங் நட்டப்படாமல் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தப் போர்டிங் இருந்தது. அக்காவுக்குக் கணவர் இல்லை. சுகந்தி என்று ஒரே மகள். முன் அறையில் நண்டரும் நானும். நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் புதிதாகச் சேர்ந்து, பென்சில் சீவுவதில் மட்டும் தேர்ச்சி பெற்றிருந்தேன். நண்டர் கப்பல் கம்பெனி ஒன்றில் கிளாக்கர். ஐம்பதைத் தொட்டவர், பிரமச்சாரி, பீப்பா உடம்பு, கோயில் மணியோடு போட்டி போடும் குரல். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அதைத் தபால்காரன் மட்டும் பாவித்தான்.

பட்டப்பெயர் அவரே தேடிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா நண்டுக்கறி வைத்தார். எல்லோரும் ஆளுக்கொரு காலைக் கடித்துக்கொண்டிருந்தபோது இவர் தொடங்கினார்: "கிரேக்கத்தில ஒரு வைத்தியன், கட்டியைச் சுத்தி நரம்பு ஓடுறதைப் பாத்திட்டு, இது நண்டு மாதிரியெல்லோ கிடக்கு எண்டான். அதாலதான் கான்சர் எண்டு பேர் வந்தது. இஞ்ச பார், இந்தக் காலை இப்பிடி விரிச்சு..." தன் தட்டிலிருந்த நண்டைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு மேசையை விட்டு எழுந்து போனவர்கள் வைத்த பெயர் அது.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். மருதானை நடைபாதையில் பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றின் ஒரேயொரு பாகத்தை, ‘சி’ எழுத்துப் பாகத்தை, மலிவாக வாங்கியிருக்கிறார். ஒட்டகம், கனடா என்று வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தவர், அடுத்ததாகக் கான்சரில் இறங்கினார். கட்டுரையின் கடைசியில் ‘ரேடியத்தைப் பார்க்க’ என்று இருந்தது. ரேடியம் வேறு பாகம். அதைத் தேடிச் சில வருடம் நடைபாதை நடைபாதையாக அலைந்தார். கடைசியில் கிடைத்த ரேடியத்தின் அடியில் ‘எக்ஸ்ரேயைப் பார்க்க’ என்று இருந்தது. அதற்குப் பிறகு ஆள் திரும்பி வரவேயில்லை.

நண்டர் யாருக்கும் கை கொடுக்கமாட்டார். அதற்குப் பதிலாக இரண்டு விரலால் தாடைக்குக் கீழே அமர்த்திப் பார்த்து, "நெறி ஒண்டும் கட்டேல்ல, போ" என்பார். சலூன்காரருக்கும் இதுதான், ஐயருக்கும் இதுதான், வாடகைக் கணக்குப் பேச வந்த வீட்டுச் சொந்தக்காரருக்கும் இதுதான். அவரோடு ஒரே அறையில் இருந்த எனது நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர் சொன்ன வருத்தங்களில், கருப்பையில் வருவதைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு ஒவ்வொரு கிழமை வந்து போயிற்று.

எங்கள் ஒழுங்கை அவரைப் பார்த்து நடுங்கியதற்கு வேறு காரணம் உண்டு. அந்த நோயின் பெயரை அங்கே ஒருவரும் வாயால் சொல்வதில்லை. ‘அந்த வருத்தம்’ என்பார்கள். அதையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரி மகரகமவில் இருந்ததால், மகரகம என்ற பாவப்பட்ட ஊரின் பெயரும் தள்ளிவைக்கப்பட்டது. அங்கே போகவேண்டியவர்கள் பஸ்ஸில் அடுத்த ஊரான பன்னிப்பிட்டிக்கு டிக்கெட் எடுத்து, ஏதோ மறந்துபோனவர்கள் மாதிரி மகரகமவில் இறங்குவார்கள். எல்லாம் வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்காக. தாய்க்கு அந்த வருத்தம் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வாசற்படலையோடு திரும்பிவிடுவார்கள். இப்படிப்பட்ட ஒழுங்கையில்தான் நண்டர் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "கான்சர்!" என்று எதிர்வீட்டுக்காரரோடு பேச்சைத் தொடங்குவார்.

அந்த வருடம் சித்திரையில் சுகந்திக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. தாய் கொட்டாஞ்சேனைக்காரி. கொட்டாஞ்சேனை மாமி என்றே நாங்கள் சொல்வோம். முதல் நாளே, "உங்கட பகுதியில சலரோகம், இழுப்பு, வேற ஏதும்..." என்று கேட்டு, அந்த ‘வேற ஏதும்’ என்ற இடத்தில் கண்ணை எடுக்காமல் நிறுத்தியவர். ஆவணியில் கலியாணம் என்று முடிவாயிற்று.

அந்தக் கிழமை இரவுச் சாப்பாட்டில் நண்டர் பாரசீகத்துக்குப் போயிருந்தார். "அந்தக் காலத்து ராணி ஒருத்திக்கு மார்பில கட்டி. வெக்கத்தில ஒருத்தருக்கும் காட்டாமல் ஒளிச்சு வைச்சிருந்தவள். ராணி! பல்லக்குத் தூக்க ஆயிரம் பேர், சொல்ல ஒரு ஆள் இல்லை!"

எல்லோரும் வழக்கம்போல ரசத்துக்கு அவசரப்பட்டார்கள். சோறு போட்டுக்கொண்டிருந்த அக்கா மட்டும் அகப்பையோடு நின்றார்.

"பிறகு அந்த ராணிக்கு என்ன நடந்தது அண்ணை?"

வருடக்கணக்காக அவர் சொன்ன கதைகளுக்கு யாராவது ‘பிறகு’ என்று கேட்டது அதுதான் முதல்தடவை. நண்டர் துள்ளியிருக்கவேண்டும். ஆனால் அவர் அக்காவை அண்ணாந்து பார்த்தார், பார்த்தபடியே இருந்தார். "கடைசியில ஒரு வைத்தியனுக்குக் காட்டினவள். சுகப்பட்டது எண்டுதான் எழுதிக் கிடக்கு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவருக்குத் தாழ்ந்த குரல் ஒன்று இருந்ததே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை அக்கா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி நித்திரையோ?"

"முழிச்சுக்கொண்டு நடிக்கிறான். அவனும் கேக்கட்டும், ஒரு அறையில இருக்கிறவனுக்கு ஒளிக்க ஏலாது. எத்தினை நாளாப் பிள்ளை?"

"தைப்பொங்கல் மூட்டம் கண்டனான். நோவு இல்லை. ஒரு புளியங்கொட்டை அளவு. கலியாணம் முடியட்டும் அண்ணை, பிறகு போவம். மாமிக்குத் தெரிஞ்சால் எல்லாம் குழம்பிப் போகும்."

"நண்டு ஆவணி வரைக்கும் பாத்துக்கொண்டிராது பிள்ளை."

"எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை. அவளின்ர காரியம் ஒப்பேற வேணும்."

"உனக்கு என்னவும் நடந்தால் அந்தக் காரியம் ஆர் ஒப்பேத்திறது? நானோ? இவனோ?"

என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பதில் கிடைத்துவிட்டது. அக்கா ஒரேயொரு நிபந்தனையோடு சம்மதித்தார்: யாருக்கும் தெரியக்கூடாது, சுகந்திக்கும்கூட. "முக்கியமா நீங்கள் வாய் திறக்கக்கூடாது அண்ணை." நண்டர் வைரவர்மேல் சத்தியம் செய்தார்.

பொரளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். அதுதான். ஒரு மார்பை எடுத்துவிடவேண்டும் என்றார்கள். சாவகச்சேரியில் தங்கைக்குப் பிள்ளைப்பேறு என்று சொல்லிவிட்டு அக்கா பெட்டியோடு புறப்பட்டார். பெட்டி பொரளையில் இறங்கியது. நண்டருக்குத் தினமும் ஆஸ்பத்திரியில் ‘ஓவர்டைம்’. ஊரிலிருந்து திரும்புகிறவர் வெறுங்கையோடு வந்தால் ஒழுங்கை சந்தேகப்படும் என்று, கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் ஒடியலும் பனங்கட்டியும் வாங்கி அக்காவின் பெட்டிக்குள் வைத்தவரும் அவர்தான். இடது கையை உயர்த்த முடியாததற்கு, தங்கை வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக ஏற்பாடு. ஒழுங்கையே அந்த ஒடியலைத் தின்று, "ஊர்ச் சாமான் ஊர்ச் சாமான்தான்" என்றது.

ஆனால் கட்டி இருந்த இடத்துக்கு மகரகமவில் கோபால்ட் கதிர் பிடிக்கவேண்டும் என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்களுக்கு. அதை எந்தத் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குள் ஒளிப்பது? இந்தச் சிக்கலை அவிழ்த்தது நண்டரின் மூளையல்ல, ஒழுங்கையின் மூளை.

சத்தியம் செய்த நாளிலிருந்து நண்டர் அந்தச் சொல்லைத் தொடவில்லை. சாப்பாட்டு மேசையில் மழையைப் பற்றிக் கதைத்தார். ஐயரை வெறும் கும்பிடோடு விட்டார். சலூனில் தாடையை நீட்டிக்கொண்டு காத்திருந்த சலூன்காரர், "என்ன ஐயா, என்ர கழுத்தைப் பாக்கேல்லையோ?" என்று கேட்டதற்கு, "கழுத்தில என்ன கிடக்கு" என்றாராம். அன்று பின்னேரமே ஒழுங்கை முடிவு கட்டிவிட்டது: ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிந்த மனிதர் வாயை மூடியிருக்கிறார் என்றால், பாவம், அது அவருக்கே வந்துவிட்டது.

எதிர்வீட்டுக்காரர் கண் கலங்கி என் கையைப் பிடித்தார். நான் அறைக்கு ஓடி நண்டரிடம் சொன்னேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"தம்பி, எனக்குக் கான்சர்!"

"நண்டர்..."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறன். தனி ஆள். துணைக்குப் போர்டிங் அக்கா வாறா. ஆர் என்ன கேக்கிறது? ஆனால் எந்தக் கான்சர் எண்டு யோசிக்க வேணும். ஈரல் சரிவராது. ஆவணிக்கு முதல் ஆள் முடிஞ்சிடும், கலியாண வீட்டில செத்தவீட்டுத் துடக்கு. தொண்டை எண்டால் கதைக்க ஏலாது. வயிறு எண்டால் சாப்பிட ஏலாது."

"சாப்பிடாமல் இருக்க உங்களால ஏலாதுதான்."

"அதைத்தான் சொல்லுறன். நிணநீர்க் கழலை! கதிருக்குக் கரைஞ்சு போகும். முந்தி யுத்தத்தில அடிச்ச நச்சு வாயு இருக்கெல்லோ, அந்தச் சாமான்ர வழியில வந்த மருந்துக்கும் கேக்கும். நல்ல சாதி வருத்தம். சாப்பிடலாம், கதைக்கலாம், கலியாணத்துக்குப் பிறகு சுகப்பட்டிடலாம்."

கலியாணத்துக்குச் சேலை எடுப்பவர்கள்கூட இவ்வளவு கவனமாகத் தெரிவுசெய்து நான் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை பயணம் தொடங்கியது. நண்டர் தோளில் துவாயைப் போட்டு, முனகிக்கொண்டு முன்னால் நடந்தார். அக்கா சாப்பாட்டுக் காரியரையும் தண்ணீர்ப் போத்தலையும் வலது கையில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். ஒழுங்கை இரண்டு பக்கமும் நின்று, "கடவுளே, இந்த மனிசி தன்ர கையும் ஏலாமல் எப்பிடிப் பாக்குது" என்று உச்சுக்கொட்டியது. நுகேகொடையில் பஸ் மாறும்போது, வெள்ளவத்தை முகம் ஒன்றும் இல்லையென்று பார்த்துவிட்டு ஆளை மாற்றிக்கொள்வார்கள். காரியர் நண்டருக்கு, முனகல் அக்காவுக்கு. அக்கா முனகியதில்லை. அதனால் அதையும் நண்டரே சேர்த்துச் செய்தார்.

ஒருநாள் லீவெடுத்து நானும் கூடப் போனேன். கண்டக்டர் வந்ததும் அக்கா பழக்கத்தில், "பன்னிப்பிட்டிய" என்று வாயெடுத்தார். அதற்குள் நண்டர் பஸ் அதிர, "மகரகம துனக்! பிலிகா இஸ்பிரிதாலெட்ட!" என்றார். மூன்று டிக்கெட், கான்சர் ஆஸ்பத்திரிக்கு! சிங்களம் தெரியாதவர்களுக்கும் விளங்கியிருக்கும். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். கண்டக்டர் முன் சீட்டில் இருந்த இளைஞன் ஒருவனைத் தட்டி எழுப்பி, "நோனா, வாடிவென்ன" என்று அக்காவை அதில் இருத்தினார். மகரகம வந்ததும் இறங்கிக் கைகொடுத்து இறக்கியும் விட்டார். இறங்கிய பிறகு அக்கா, "இவ்வளவு நாளும் பன்னிப்பிட்டிக்கு எடுத்தவையெல்லாம் நிண்டுகொண்டெல்லோ வந்திருக்கினம் அண்ணை" என்றார்.

வீதியில் நண்டரின் வருத்தம் வெகு சிறப்பாக நடந்தது. கதிர் பிடித்தால் தலைமயிர் கொட்டவேண்டும் என்று ஒழுங்கை எதிர்பார்த்தது. "எங்க பிடிக்கினமோ அங்கதானே கொட்டும்! தலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அறைக்குள் நண்டர் கொதித்தார். விஞ்ஞானத்துக்கு மாறாக நோயாளியாக இருக்க அவருக்கு மனமில்லை. இரண்டு நாள் வாதாடிவிட்டு, மூன்றாம் நாள் போய் மொட்டையடித்துக்கொண்டு வந்தார். சலூன்காரர் காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வீடு சூப், இடியப்பம், முட்டைமா. ஆள் மெலிவதற்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான்கள் தெறிக்கத் தொடங்கின. கோபால்ட்டில் ஏதோ சத்து இருக்கிறதாம், தன் மகனுக்கும் கொஞ்சம் பிடிக்கலாமா என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடம் இரகசியமாகக் கேட்டார்.

கொட்டாஞ்சேனை மாமியும் சனிக்கிழமைதோறும் பிளாஸ்க்கில் கோழிச்சூப் அனுப்பினார். கூடவே ஒரு சொல்லும் வரும்: "பிளாஸ்க்கைத் திருப்பி அனுப்பவேண்டாம்." அந்த வருத்தம் தொற்றும் என்பது மாமியின் துணிபு. எங்கள் ஜன்னலில் பிளாஸ்க்குகள் வரிசையாக நின்றன.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மாமி நேரில் வந்தார். நண்டர் முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக உள்ளே போனார்.

"தங்கச்சி, நான் ஒளிக்காமல் கதைக்கிறன். எங்கட சனம் வந்து இறங்கிற வீடு. பொம்பிளை இருக்கிற வீட்டில இப்பிடி ஒரு வருத்தக்காரனை வைச்சுக்கொண்டு நாங்கள் தாலி கட்ட ஏலாது. வெள்ளிக்கிழமைக்கிடையில அவரை வேற இடம் பாக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி வேற மாதிரித்தான் யோசிக்க வேணும்."

நண்டர் எழுந்தார். "அம்மா, இது தொத்திற வருத்தமில்லை. ஜப்பானில ஒருத்தர் முயலின்ர காதில தாரைப் பூசிப் பூசி..." என்று தொடங்கியவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் முயலை நடுவில் விட்டுவிட்டுப் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அறைக்குள் வந்து கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்தார். ‘சி’ பாகத்தை அடியில் வைத்தார்.

"கொட்டாஞ்சேனையில ஒரு அறை கிடக்கு தம்பி. நான் விடிய நுகேகொடைக்கு வந்து நிப்பன். நுகேகொடை வரைக்கும் நீ அவவைக் கூட்டிக்கொண்டு வா. மிச்சம் இன்னும் எட்டுத் தடவைதான்."

விறாந்தையில் அக்காவின் குரல் கேட்டது. பெரிய குரலில்லை. ஆனால் ஒழுங்கையில் யாரும் அந்த வார்த்தையை அப்படிச் சொன்னதில்லை.

"அவருக்கில்லை அக்கா. எனக்குத்தான் கான்சர்."

உள்ளே சுகந்தியின் கையிலிருந்து தேத்தண்ணித் தட்டு விழுந்தது. நண்டர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

மாமி மூக்கிலிருந்த தலைப்பை எடுக்க மறந்துபோய் இருந்தார். "எந்தப் பக்கம்?" என்று கடைசியில் கேட்டார்.

"இடது."

"எடுத்திட்டினமோ?"

"ஓம்."

"அப்ப அந்தக் கிணத்தடி?"

"பொய்."

மாமி திரும்பி நண்டரின் மொட்டைத் தலையையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என்ர கோழிச்சூப்பெல்லாம்?"

"நல்லாத்தான் இருந்தது" என்றார் நண்டர். "உப்புத்தான் கொஞ்சம் கூட."

மாமி எழுந்து போனார். படலைகூடச் சத்தம் போடவில்லை. அன்று இரவு சுகந்தி தாயின் மடியில் படுத்து அழுதாள். தனக்குச் சொல்லவில்லையே என்றுதான் அழுதாள், கலியாணத்துக்காக அல்ல. நண்டர் ஒரு மூலையில் இருந்து, "நான் நிண்டு கதைச்சிருக்க வேணும். முயலை விட்டிட்டு வந்தது பிழை" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். வெள்ளி போயிற்று. ஒருவரும் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளையே வந்தார். கையில் பிளாஸ்க். வெட்கத்தில் யாரையும் பார்க்காமல், பாடமாக்கி வந்ததை ஒப்புவித்தார்: "அம்மா தந்தவ. இது மனோன்மணி மாமிக்கு. உப்புக் குறைச்சிருக்காம். பிளாஸ்க்கைக் கழுவித் திருப்பி அனுப்பட்டாம், கலியாணத்தண்டைக்குக் கோப்பிக்குத் தேவையாம்."

அக்கா பிளாஸ்க்கை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் திறக்கவில்லை. நண்டர்தான் பொறுக்காமல், "ஆறப்போகுது பிள்ளை" என்றார்.

கலியாணம் நடந்தது. பிறகு வந்த கலவரங்களில் ஒழுங்கை சிதறியது. அக்கா மகளோடு கனடா போய், பேரப்பிள்ளைகளைப் பனியில் துரத்திப் பிடித்து, பல்லாண்டு காலம் இருந்தார். நண்டர் போகவில்லை. சனிக்கிழமைகளில் மகரகமவுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. மலைநாட்டிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சிங்களம் தெரியாமல் வந்து முழிக்கும் நம்மவர்களுக்குப் பக்கத்தில் மரவாங்கில் உட்கார்ந்து, நர்ஸ்மார் சொல்வதைத் தமிழில் சொல்வார். சொல்லி முடிந்ததும், "எகிப்தில அந்தக் காலத்து வைத்தியன் இந்தக் கட்டியைப் பற்றி எல்லாம் எழுதிப்போட்டு, மருந்து எண்ட இடத்தில ‘இல்லை’ எண்டு எழுதினவன். உனக்கு அந்த இடத்தில மூண்டு மருந்தின்ர பேர் எழுதியிருக்கினம். பிறகென்ன முகத்தைத் தொங்கப் போடுறாய்?" என்பார். அழுதுகொண்டு வந்தவர்கள், முதலில் பயந்து, பிறகு சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் போனது மாரடைப்பில். ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு.

சென்ற மாதம் என் முதுகில் ஒரு கட்டி. மகரகமவுக்குப் போய்க் காட்டினேன். வெறும் கொழுப்பு என்றார் டாக்டர். வீட்டுக்காரி முப்பது வருடமாக என்னைப் பற்றிச் சொல்வதும் அதுதான். ஆனால் பெயரைக் கூப்பிடும்வரை அந்த வாங்கில் காத்திருந்த அரைமணி நேரமும், பக்கத்து இடத்தில் வேறு ஒருவரும் வந்து உட்காராதபடி, என் குடையை அதில் வைத்திருந்தேன்.